சி.ஆர்.பி. 4.2 என்று வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வயது 63, திண்டுக்கல்): மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டேன். சுகர், பிரஷர் எல்லாம் ஓரளவு கட்டுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் 'எச்.எஸ். சி.ஆர்.பி.' 4.2 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் 'ஹை ரிஸ்க்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. செல்போனில் தேடினால் மாரடைப்பு, கேன்சர், மறதி நோய் என்று ஏதேதோ வருகிறது. தூக்கம் போய்விட்டது டாக்டர்.

பதில்: முதலில் நன்றாகத் தூங்குங்கள் ஐயா. அது ஒரு நோயின் பெயர் இல்லை. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம், அவ்வளவுதான். 'எச்.எஸ்.' என்றால் அதை நுணுக்கமாக அளக்கும் முறை. உடம்பில் எங்கேயாவது கிருமி புகுந்தாலோ காயம் பட்டாலோ, அந்த இடத்தில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-6 மாதிரியான வேதிப்பொருட்களை ரத்தத்தில் விடும். அது கல்லீரலை எட்டியதும் சி.ஆர்.பி. ஏறும். எங்கே பிரச்சினை, எதனால் பிரச்சினை என்று அந்தப் புரதத்துக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் வருகிற எண்ணும் அதைச் சொல்லாது.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் உங்களுக்குச் சளி பிடித்ததா, பல் பிடுங்கினீர்களா, எங்காவது விழுந்து அடிபட்டதா என்று யோசித்துப் பாருங்கள். இதில் ஒன்று நடந்திருந்தாலும் எண் ஏறும், அப்புறம் தானாக இறங்கிவிடும். இன்னொன்று, அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 4.2 மில்லிகிராம் என்பது வேறு, டெசிலிட்டருக்கு 4.2 என்பது வேறு. இரண்டாவது முதலாவதைப் போலப் பத்து மடங்கு. லிட்டர் கணக்கில் 1-க்குக் கீழே இருந்தால் இதய நோய் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். 10-ஐத் தாண்டினால் அதை இதயக் கணக்கில் சேர்க்கக் கூடாது, உடம்பில் எங்கோ தொற்று இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும். அதனால் நன்றாக இருக்கிற ஒரு நாளில், குறைந்தது இரண்டு வாரம் கழித்து, மறுபடி ஒரு முறை எடுங்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நான் யாருக்கும் எதுவும் முடிவு செய்வதில்லை.

சரி, மறுபடியும் 3-க்கு மேலேயே இருந்தால்? அப்போது அதை மதித்துத்தான் ஆக வேண்டும்.

கையில் முள் குத்தினால் சிவந்து, சூடாகி, வீங்கி, வலித்து, சில நாளில் ஆறிவிடுகிறது. அது நம்மைக் காப்பாற்றுகிற அழற்சி. வயதாகும்போது வருவது வேறு ரகம். சிவப்பும் இல்லை வலியும் இல்லை, சிம்மில் வைத்துவிட்டு மறந்துபோன கேஸ் அடுப்பு மாதிரி வருடக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். இத்தாலியில் போலோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ம் ஆண்டில் இதற்கு 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார். முதுமையோடு சேர்ந்த அழற்சி. பல காரணங்கள் ஒன்றுகூடித்தான் இது வருகிறது. நம் செல்கள் பிரிந்து பெருகுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1961-லேயே லெனார்ட் ஹேஃப்லிக் காட்டினார். எல்லையை எட்டியும் சாகாமல் தங்கிவிடும் மூத்த செல்கள் சும்மா இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் அதையே செய்கிறது. குடலின் உட்சுவர் பலவீனமாகி, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிவதும் ஒரு காரணம்.

இப்படி வருடக்கணக்கில் கசிந்தால் என்ன ஆகும்? ரத்தக் குழாயின் சுவரில் படிந்த கொழுப்பு இளகி வெடிக்கும் நிலைக்கு வருகிறது. மாரடைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை, சர்க்கரை ஏறுகிறது. தசை கரைகிறது, எலும்பு மெலிகிறது, மூளையில் துப்புரவு செய்ய வேண்டிய மைக்ரோக்ளியா செல்கள் நல்ல நரம்பையும் சேதப்படுத்துகின்றன. ஜப்பானில் நூறு, நூற்றைந்து, நூற்றுப்பத்து வயதைத் தாண்டியவர்களை ஆராய்ந்து 2015-ல் ஒரு முடிவு வெளியானது. யார் தெளிவான புத்தியோடும் தன் வேலையைத் தானே செய்துகொண்டும் இருப்பார்கள் என்று கணிக்க, செல்லின் வயதைக் காட்டும் என்று கருதப்படும் குரோமோசோம் நுனியின் நீளத்தைவிட ரத்தத்தில் அழற்சி எவ்வளவு குறைவு என்பதே உதவியது.

ஆகவே இரண்டாவது ரிப்போர்ட்டும் அதிகமாக வந்தால், "இதை இறக்க என்ன மாத்திரை?" என்று கேட்காதீர்கள், "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் அங்கேயே ஒரு பெரிய விடை இருக்கிறது. பிறகு வாயைத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிகிறதா? நம் ஊரில் பல் டாக்டரிடம் வலி உயிர்போகும்போதுதான் போகிறோம், ஈறு நோயோ வலிக்காமலேயே பல வருடம் இருக்கும். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்து சிகிச்சை கொடுத்தால் சி.ஆர்.பி.யும் கொஞ்சம் இறங்குகிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் இறங்குகிறது. இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் போதவில்லை. அப்புறம் பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை. குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுகிற தூக்கம். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொண்டிருக்கும் விரல் மூட்டுகள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டேட்டின் மாத்திரை சி.ஆர்.பி.யையும் சேர்த்துக் குறைக்கும், உங்களுக்கு அது தேவையா என்பதை அவர் மற்ற ஆபத்துகளையும் கூட்டிப் பார்த்துச் சொல்வார்.

கேள்வி (இல்லத்தரசி, கும்பகோணம்): தினமும் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் உடம்பில் உள்ள அழற்சி எல்லாம் வெளியேறிவிடும் என்கிறார்களே?

பதில்: வெளியேறாது. பிடித்திருந்தால் குடியுங்கள், சர்க்கரை போடாமல்.

கேள்வி (வயது 68, கோயம்புத்தூர்): முதுமை நோய்களுக்கெல்லாம் அழற்சிதான் காரணம் என்றால், அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையைத் தினமும் ஒன்று போட்டுக்கொண்டால் என்ன? என் நண்பர் ஒருவர் ஆஸ்பிரினும், முழங்காலுக்கு என்று டைக்ளோஃபெனாக்கும் வருடக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கிப் போடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

பதில்: கேள்வி நியாயமானது. விஞ்ஞானிகளும் இதையேதான் நினைத்தார்கள், நினைத்ததோடு நிற்காமல் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள். முடிவுகள் நாம் விரும்பியபடி வரவில்லை.

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்கள், பாதிப் பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2018-ல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் போட்டவர்கள் ஊனமோ மறதியோ இல்லாமல் கூடுதல் காலம் வாழவில்லை, கடுமையான ரத்தக் கசிவுதான் கூடியது. (ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கு முற்றிலும் வேறு.) அல்சைமர் நோயைத் தடுக்கலாம் என்று நாப்ராக்சென், செலிகாக்சிப் ஆகிய இரண்டு வலி மாத்திரைகளையும் 70 வயது தாண்டியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தடுக்கவில்லை. இதயத்துக்கு ஆபத்து வருமோ என்ற கவலையில் 2004 டிசம்பரில் மாத்திரை கொடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது.

அப்படியானால் அழற்சிதான் காரணம் என்ற கருத்தே தவறா? இல்லை, அதற்கும் சான்று இருக்கிறது. மாரடைப்பு வந்து தப்பித்து, சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்த பத்தாயிரம் பேரில் ஒரு பிரிவினருக்கு, பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர் குழுவினர் கனகினுமாப் என்ற ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. அந்த ஊசி இன்டர்லூகின்-1 பீட்டா என்ற ஒரே ஒரு பொருளை மட்டும் தடுக்கும், கெட்ட கொலஸ்ட்ராலைத் தொடாது. இருந்தும், 150 மில்லிகிராம் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. 2017-ல் இந்த முடிவு வந்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அதே ஊசி போட்டவர்களில் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் அதிகம், மொத்த இறப்பில் வித்தியாசமே இல்லை. நம்மைக் காப்பதும் கெடுப்பதும் ஒரே படைதான் என்பதால் ஒன்றை மட்டும் அடக்குவது சுலபமில்லை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் இதய நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவில் சி.ஆர்.பி.யும் இறங்கவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் கௌட் நோய்க்குத் தரும் பழைய கோல்சிசின் மாத்திரை 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் நல்ல பலன் தந்தது, 2024-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தரவில்லை. இதய டாக்டர்கள் சிலருக்கு அதை எழுதுகிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்களுக்கும் அது விஷமாகக்கூட மாறலாம், அதனால் கடையில் கேட்டு வாங்குகிற மருந்து அல்ல அது.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. டைக்ளோஃபெனாக் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தை மெல்லக் கெடுக்கும். அவர் பிரஷர் மாத்திரையும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் வேகமாகக் கெடுக்கும். சிறுநீரகம் பாதி கெட்டாலும் மனிதர் "நன்றாகத்தான்" இருப்பார். தயவுசெய்து இந்த வாரமே அவரைக் கூட்டிப்போய் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வயது 58, நாகர்கோவில்): வெளிநாட்டில் இருக்கும் மகன் மஞ்சள் கேப்சூல் வாங்கி அனுப்பியிருக்கிறான். மிளகுச் சாறும் சேர்ந்ததாம், அழற்சிக்கு நல்லதாம். சாப்பிடலாமா?

பதில்: குழம்பில் போடும் மஞ்சளை இன்னும் நூறு வருடம் சாப்பிடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். கேப்சூல் வேறு விஷயம். மஞ்சள்தூளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதையும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியிட்டார்கள். அதை வைத்துத்தான் இன்று உலகம் முழுக்க இந்தக் கேப்சூல்கள் விற்கின்றன. ஆனால் உறிஞ்சுதல் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கடுமையாக வீங்கி, அரசு அமைப்புகள் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கல்லீரல், பித்தப்பைக் கோளாறு உள்ளவர்களும் தொடவே வேண்டாம். மற்றவர்கள் முழங்கால் வலிக்குக் கொஞ்ச நாள் முயன்று பார்க்கலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பி வருடக்கணக்கில் விழுங்க அங்கே ஆதாரம் இல்லை. மகனிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்பில்தான் அனுப்பியிருக்கிறார்.

கேள்வி (மகள், திருநெல்வேலி): அம்மாவுக்கு 72 வயது. பத்து வருடத்துக்கு மேலாக ருமட்டாய்டு மூட்டுவாதம். ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சை, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தும் ஏறவில்லை. "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று வீட்டில் எல்லாரும் அவரைத் திட்டுகிறோம்.

பதில்: அம்மாவைத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள், தவறு அவர் மேல் இல்லாமல் இருக்கலாம். உடம்பில் அழற்சி தொடர்ந்து இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலில் இரும்பு உள்ளே வரும் வழியை அடைக்கும், ஏற்கனவே சேமித்து வைத்த இரும்பையும் வெளியே விடாது. கிருமிகளுக்கும் இரும்பு தேவை, அதைக் கொடுக்காமல் பதுக்கி வைப்பது உடம்பின் பழைய தற்காப்பு முறை. தொற்று வந்தால் சில நாளுக்கு இது நல்லது, பத்து வருடம் நீடித்தால் எலும்பு மஜ்ஜை இரும்புக்குத் தவிக்கும். இந்த நிலையில் எவ்வளவு கீரை கொடுத்தாலும், வழக்கமான மாத்திரை கொடுத்தாலும் பெரிதாக ஏறாது.

சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் ஒன்றாகப் பாருங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், "இரும்பு நிறைய இருக்கிறது" என்று ஏமாந்துவிடக் கூடாது. கூடவே மலத்தில் ரத்தம் போகிறதா என்றும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூட்டுவாதக்காரர்கள் வலி மாத்திரை சாப்பிட்டு வயிற்றில் ரத்தம் கசிவது சாதாரணமாக நடப்பது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். வைட்டமின் பி12, சிறுநீரகம் இரண்டும் பார்த்துவிடுங்கள். மூட்டுவாதம் சரியாக அடங்கினாலே பலருக்கு ஹீமோகுளோபின் ஏறும், எனவே மூட்டு டாக்டரிடம் மருந்தைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் இரும்பை நேராக ரத்தக் குழாய் வழியாக ஏற்றலாம். இன்னொன்றையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்: ருமட்டாய்டு உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிரஷர், கொலஸ்ட்ரால் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கேள்வி (மென்பொருள் ஊழியர், வயது 34, சென்னை): நான் ஒல்லி. எடை சரியாகத்தான் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு இப்போது தேவையா?

பதில்: 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் யாக்னிக், லண்டனின் யுட்கின், இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாக்னிக்குக்கு 21.2. நம் ஆட்கள் கை கால் ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கிறோம், அதுதான் அழற்சியைக் கிளப்பும் கொழுப்பு. எடை மெஷினை நம்பாமல் டேப்பை நம்புங்கள். 34 வயதில் ஆரம்பிப்பது சீக்கிரம் அல்ல.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 70, விழுப்புரம்): எங்கள் பாட்டிக்கு வருடம் தவறாமல் காய்ச்சல், காலில் ஆறாத புண், வயிற்றில் பூச்சி. அழற்சி இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் மாரடைப்பு என்ற பேச்சே கிடையாது. கடைசி வரை நாற்று நட்டார். உங்கள் கணக்கு இதில் ஒத்துவரவில்லையே?

பதில்: இந்த மாதக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். உங்கள் பாட்டியின் ரத்தத்தை யாரும் பரிசோதிக்கவில்லை, ஆனால் அவரைப் போல வாழ்கிற மக்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். பொலிவியாவின் அமேசான் காட்டில் சிமானே என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். வேட்டை, மீன்பிடி, விவசாயம், வாழ்நாள் முழுக்கக் குடல் புழுவும் தொற்றும். பாதிப் பேருக்குச் சி.ஆர்.பி. உயர்ந்தே இருந்தது. 40 வயது தாண்டிய 705 பேரின் இதயத்தை சி.டி. ஸ்கேன் எடுத்தபோது 85 சதவீதம் பேரின் இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவே இல்லை. 2017-ல் இது வெளியானபோது பலருக்கு நம்ப முடியவில்லை.

2025-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இத்தாலி, சிங்கப்பூர் மக்களை ஒரு பக்கமும், சிமானே மக்களையும் மலேசியாவின் ஓராங் அஸ்லி பழங்குடியினரையும் மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டார்கள். இத்தாலியிலும் சிங்கப்பூரிலும் வயது கூடக் கூட அழற்சியும் கூடியது, முதுமை நோய்களோடும் ஒட்டி வந்தது. பழங்குடியினரிடம் அழற்சி இருந்தது, ஆனால் அது தொற்றால் வந்தது. வயதோடு ஏறவுமில்லை, சர்க்கரை, இதய நோய் போன்றவற்றோடு ஒட்டி வரவுமில்லை. அப்படியென்றால் வயதானால் அழற்சி ஏறித்தான் ஆக வேண்டும் என்பது மனித உடம்பின் விதி இல்லை போலிருக்கிறது. நாம் உட்காருவதும் உண்பதும் சுவாசிப்பதும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அதனால்தான் முதல் கேள்விக்கான பதிலில், அழற்சி எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொன்னேன்.

இதற்காகப் புண்ணும் பூச்சியும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிமானே மக்களில் நிறையப் பேர் தொற்றுக்கே பலியாகிறார்கள். உங்கள் பாட்டியின் தலைமுறையிலும் எத்தனை குழந்தைகள் போயின என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பாட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நாற்று நடவை.

கேள்வி (வயது 29, மதுரை): வயதாவதையே நிறுத்தும் ஊசி வந்துவிட்டதாமே, சிங்கப்பூரில்?

பதில்: எலிக்கு. அழற்சியோடு தொடர்புடைய இன்டர்லூகின்-11 என்ற பொருளைத் தடுத்தபோது எலிகள் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் காலம் வாழ்ந்தன, 2024-ல் வந்த முடிவு. நல்ல ஆராய்ச்சிதான். மனிதரின் ஆயுளை அது நீட்டும் என்று இன்னும் யாரும் காட்டவில்லை. அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி (வயது 66, ஈரோடு): எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நடந்தால், உடற்பயிற்சி செய்தால் அழற்சி இன்னும் கூடாதா? மகள் ஓய்வெடு என்கிறாள், டாக்டர் நட என்கிறார்.

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. வேலை செய்யும் தசையிலிருந்தும் இன்டர்லூகின்-6 வருகிறது, முதல் பதிலில் சொன்ன அதே பொருள்தான். ஆனால் கோபன்ஹேகனில் பெண்டே பெடர்சன் குழுவினர் கண்டது என்னவென்றால், தசையிலிருந்து சிறிது நேரம் வந்து அடங்கும்போது அதுவே அழற்சியைத் தணிக்கும் பொருட்களைக் கிளப்பிவிடுகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் வயிற்றுக் கொழுப்பிலிருந்து கசிவது கெடுக்கிறது, பயிற்சியில் வந்து போவது காக்கிறது. தொடை முன்தசை பலமானால் முழங்காலின் சுமையும் குறையும்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள், காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். ஒரு வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகுங்கள். நடை சமதரையில், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில், முதலில் பத்து நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது மெல்ல மெல்ல எட்ட வேண்டிய இலக்கு. சாப்பாட்டில் சாதத்தைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ சேருங்கள், புரதம் இல்லாமல் தசை வளராது. பயிற்சிக்குப் பிறகு லேசாக வலித்து மறுநாள் சரியானால் தொடரலாம். முழங்கால் சிவந்து, தொட்டால் சூடாக, வீங்கியிருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும், காலை வரை காத்திருக்க வேண்டாம்.